ஏர் நின்ற ஊரில் தேர்: தாம்பரம் வட்டாரக் குன்றுத் திருவிழாக்களின் பருவக் கணக்கு

கேள்வி

பரங்கிமலை நிலையத்திலிருந்து வண்டலூர்வரை மின்ரயிலில் போகிறவர்களுக்கு இருபுறமும் குன்றுகள் விட்டுவிட்டுத் தென்படும். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், தாம்பரம் சானடோரியம் பக்கத்துப் பச்சைமலை. சற்று உள்ளே தள்ளித் திருநீர்மலை, அதற்கும் அப்பால் குன்றத்தூர். பெயரில் மலை இருந்தாலும் உயரத்தில் இவை மலைகள் அல்ல. பரங்கிமலையே ஏறத்தாழ 300 அடிதான். நீலகிரிக்காரரோ கொல்லிமலைக்காரரோ பார்த்தால் மேடு என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். ஆனாலும் இவற்றில் பலவற்றின் உச்சியிலோ சரிவிலோ ஒரு கோயிலோ தேவாலயமோ தர்காவோ இருக்கிறது. அங்கெல்லாம் ஆண்டில் சில நாள்கள் கூட்டம் நெரிகிறது.

இரண்டு தலைமுறைக்கு முன்புவரை இக்குன்றுகளைச் சுற்றி இருந்தவை ஏரிப்பாசனக் கிராமங்கள். இன்று அவற்றில் பெரும்பகுதி, 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவாக்கிய தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. வயல் மனையானது, மனை அடுக்குமாடியானது. விதைப்பும் அறுப்பும் அங்கு எவருடைய நாளையும் தீர்மானிப்பதில்லை. அப்படியானால் பங்குனித் தேரும் ஆடிக் கிருத்திகையும் மார்கழியில் வரும் மாதா திருவிழாவும் இப்போது எந்தப் பருவத்தைப் பின்பற்றுகின்றன? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது ஒன்றுதான்.

இதுவரையிலான பார்வைகள்

தமிழில் ஒரு கோயிலின் திருவிழாவைச் சுற்றியுள்ள உழவர் சமூகங்களோடு வைத்து வாசிக்கும் முறைக்கு அடித்தளமிட்ட நூல்களில் முதன்மையானது தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ (1989). மலையடிவாரத்துத் தெய்வம் ஒன்று ஏன் குறிப்பிட்ட மாதத்தில், குறிப்பிட்ட வழியில், குறிப்பிட்ட சாதியாரின் மரியாதைகளை ஏற்றுக்கொண்டு ஆற்றுக்குப் போகிறது என்பதை அவர் சமூக உறவுகளிலிருந்து விளக்கினார். அந்த முறையைக் கைக்கொண்டவர்கள் புறநகர்த் திருவிழாவைப் பார்க்கும்போது இயல்பாகவே ‘எச்சம்’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். நிலமும் நிலத்தைச் சார்ந்த உறவுகளும் போனபின் மிஞ்சிய சடங்கு இது, நாளடைவில் தேயும் என்பது அவர்கள் எண்ணம்.

மறுபக்கம் சென்னை நகரச் சமயவாழ்வை ஆராய்ந்தவர்கள். மில்டன் சிங்கர் 1972-இல் வெளியிட்ட நூலில், நகர நடுத்தர வர்க்கம் மரபைக் கைவிடவில்லை, தன் வசதிக்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்கிறது என்றார். ஜோன் பன்ஸோ வாகோர்ன் 2004-இல் சென்னையின் புதிய கோயில்களையும் புலம்பெயர்ந்தோர் கோயில்களையும் சேர்த்துவைத்து அதே வாதத்தை நீட்டினார். இவர்கள் கண்ணில் புறநகர்த் திருவிழா தேய்வதே இல்லை. வளர்கிறது, கோபுரம் உயர்கிறது, குடமுழுக்கு நடக்கிறது.

இரண்டு பார்வைகளிலும் உண்மை உண்டு. இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. முதல் பார்வை, திருவிழாவுக்கு ஆதியில் வேளாண்மை என்ற ஒரே பருவம்தான் இருந்தது என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது பார்வைக்குப் பருவம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒரே குன்றின்மேல் மழையின் பருவம், பஞ்சாங்கத்தின் பருவம், வேற்றுநாட்டிலிருந்து வந்த தேதி, கல்யாண முகூர்த்தம், சம்பள விடுமுறை எல்லாம் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. எந்த அடுக்கு எங்கே தாங்குகிறது என்பதைக் குன்று குன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

திருநீர்மலை: நீர் வடியும் காலம்

திருநீர்மலை நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்று. அடிவாரக் கோயிலில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம்; மேலே அரங்கநாதர் கிடந்த கோலம், நரசிம்மர் இருந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று நான்கு நிலையும் ஒரே தலத்தில் அமைந்தது இதன் பெருமை என்பார்கள். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்திருக்கிறார்கள். தலவரலாறு சொல்லும் செய்தி நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. திருமங்கையாழ்வார் வந்தபோது குன்றைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தது. ஏற வழியில்லை. நீர் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து பின்னரே மேலே போய்ப் பாடினார்.

இக்கதையை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொண்டு, எட்டாம் நூற்றாண்டு வாக்கில் இங்கே பெரும் நீர்நிலை இருந்தது என்று எழுதுவது எளிது. அப்படி எழுதுவது சரியல்ல. தலவரலாறு பக்தியின் பொறுமையைச் சொல்ல வந்த கதை. நீர்மட்டத்தை அளக்க வந்ததல்ல. ஆனால் கதை தனக்கான சூழலை வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை என்றாவது சொல்லலாம். செங்கல்பட்டுச் சீமையின் பாசனம் ஏரிகளால் ஆனது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகளை நிரப்பும். சம்பா அறுத்து, நவரை முடியும் பங்குனி, சித்திரையில் நீர் வற்றிக் கரையடி தெரியும். இதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். அடையாற்றின் கரைக்கு அருகே, ஏரியை ஒட்டிக் கிடக்கும் ஒரு குன்றுக்கு ஆண்டில் பாதி நாள் நனைந்த அடிவாரம் இருந்திருக்கும் என்பதில் வியப்பில்லை.

இக்கோயிலின் இரண்டு பிரம்மோற்சவங்களும் பங்குனியிலும் சித்திரையிலும் வருகின்றன. நவரை அறுவடைக்கும் சொர்ணவாரி விதைப்புக்கும் இடைப்பட்ட காலம் அது. குடியானவருக்குக் கை ஓய்ந்திருக்கும். நிலம் காய்ந்து தேர்ச்சக்கரம் புதையாமல் உருளும். எச்சவாதிகளுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆனால் இதற்கு ஓர் எதிர்வாதம் இருக்கிறது, அது வலுவானது. திருவரங்கத்திலும் பங்குனியில் ஒரு பிரம்மோற்சவம், சித்திரையில் விருப்பன் திருநாள் என்று இரண்டு பெருவிழாக்கள் நடக்கின்றன. காவிரிப் பாசனத்துக்கும் செங்கல்பட்டு ஏரிப்பாசனத்துக்கும் நீர்க்கணக்கு வேறு. அரங்கநாதர் பள்ளிகொண்ட இன்னொரு தலம், பெரிய கோயிலின் மாதங்களை எடுத்துக்கொண்டது என்று சொன்னால் அதற்கு உள்ளூர் ஏரி தேவையே இல்லை. இரண்டு விளக்கங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மாதம் திருவரங்கத்திலிருந்து வந்திருக்கலாம். வந்த மாதம் உள்ளூர் உழவின் ஓய்வோடும் காய்ந்த அடிவாரத்தோடும் முரண்படாததால் அது பல நூற்றாண்டு நிலைத்திருக்கலாம். ஒரு திருவிழா எங்கிருந்து வந்தது என்பதும், அது ஏன் நிலைத்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள். நம் ஆய்வுகளில் இவை அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

மழைக்கணக்கு முற்றிலும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் அனகாபுத்தூரும் மூழ்கின. ஏரியின் நீர்பிடிப்பில் மனை போட்டவர்களுக்கு அந்த வாரம் ஆழ்வார் கதை வேறு விதமாக விளங்கியிருக்கும். வேளாண்மை போனாலும் பருவமழை போகவில்லை. அது வந்தால் தங்கும் இடத்தைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம்.

பரங்கிமலை: டிசம்பர் 18

திருநீர்மலையில் உள்ளூர்ப் பருவத்துக்கு ஓரளவாவது இடம் கண்டோம். பரங்கிமலையில் நிலைமை தலைகீழ். உச்சியிலுள்ள தேவாலயத்தைப் போர்ச்சுக்கீசியர் 1523-இல் கட்டினர். புனித தோமையார் கொல்லப்பட்ட இடம் என்பது மரபு. 1547-இல் கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது அச்சிலுவையில் இரத்தம் கசிந்தது என்றும், அதன்பின் 1704வரை பலமுறை அவ்வாறு நிகழ்ந்தது என்றும் திருத்தலத்து வரலாறு சொல்கிறது. மலைமேல் மாதாவின் திருவிழாவும் டிசம்பர் 18-இல்தான்.

இந்தத் தேதி தமிழ் நிலத்தில் பிறந்ததல்ல. 656-இல் ஸ்பெயினின் டொலேடோ நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், தவக்காலத்துக்குள் விழுந்துவிடும் மார்ச் 25 மங்களவார்த்தை விழாவுக்கு மாற்றாக, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு மரியன்னை விழாவைக் குறித்தது. ஐபீரியத் தீபகற்பத்தில் ஊன்றிய அந்த விழா போர்ச்சுக்கீசியக் கப்பலேறி மயிலாப்பூர்க் கரைக்கு வந்து, பரங்கிமலையில் ஏறிக்கொண்டது. எனவே இங்கே பருவம் முழுக்க இறக்குமதிதான்.

இதை மறுத்து ஒருவர் கடல்பருவத்தைக் காட்டலாம். வடகிழக்குப் பருவக்காற்றின் புயல்களுக்கு அஞ்சி, அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை சோழமண்டலக் கரையில் நங்கூரமிடுவதை ஐரோப்பியக் கப்பல்கள் தவிர்த்தன. மீண்டும் பாய் தெரியத் தொடங்கும் வாரத்தில் மலைமேல் திருவிழா வருகிறது. கவர்ச்சியான பொருத்தம்தான், ஆனால் டொலேடோ முடிவு எடுக்கப்பட்டபோது சோழமண்டலப் புயலை அங்கே எவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதிகபட்சம் சொல்லக்கூடியது, திருநீர்மலையைப் போலவே இங்கும் வந்த தேதி உள்ளூர் நிலைமையோடு மோதவில்லை என்பது. டிசம்பர் 18-க்குள் பெருமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்; மலையேறலாம்.

ஏறுவதற்குப் படிகளும் வணிகத்திலிருந்தே வந்தன. 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டக் கொடையளித்த ஆர்மீனிய வணிகர் பெத்ரோஸ் உஸ்கான்தான் மலைக்குப் படிக்கட்டும் அமைத்தவர். ஆற்றைக் கடக்கப் பாலம், மலையேறப் படி: அவர் இரண்டையும் யாத்திரிகருக்கான ஒரே வழியின் இரு பகுதிகளாகவே கருதியிருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப்படை மலையடியில் தங்கியது. சுற்றிலும் கன்டோன்மென்ட் வளர்ந்தது. ஆக, இந்த மலையைச் சூழ்ந்திருந்தவர்கள் நெடுங்காலமாகவே நெல்லை மட்டும் நம்பியவர்கள் அல்லர். சிப்பாய்கள், சமையல்காரர், வண்டிக்காரர், சலவைத் தொழிலாளர், சிறுவணிகர் என்று மாதச் சம்பளத்திலும் அன்றாடக் கூலியிலும் வாழ்ந்தவர்கள். சம்பளக்காரர் திருவிழா என்பது ஐ.டி. காலத்துப் புதுமை என்று நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

தேதி அந்நியமானாலும் நடைமுறை அந்நியமில்லை. கொடியேற்றம், நவநாள், தேர்பவனி, நேர்ச்சை என்று நடக்கும் வரிசை கோயில் திருவிழாவின் வரிசையே. தமிழ்நாட்டுக் கிறித்தவ, இசுலாமியப் புனிதர் வழிபாடுகள் உள்ளூர்ச் சமயமொழியைப் பேசின என்று சூசன் பெய்லி 1989-இல் விரிவாக எழுதியதற்குப் பரங்கிமலை பொருத்தமான எடுத்துக்காட்டு. பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை இன்று தர்காவாக வழங்கிவருவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குன்றுகள் சமயம் மாறியிருக்கின்றன. ஏறும் பழக்கம் மாறவில்லை.

குன்றத்தூர்

குன்றத்தூர் முருகன் கோயிலைப் பற்றி நீண்டு எழுத அவசியமில்லை, ஏனெனில் அதன் நாள்காட்டி தமிழ்நாட்டு முருகன் கோயில்கள் பலவற்றுக்கும் பொதுவானது. திருப்போரூரில் போர் முடித்துத் திருத்தணிக்குப் போகும் வழியில் முருகன் தங்கிய குன்று என்பது நம்பிக்கை. ஊர் சேக்கிழார் பிறந்தது. கும்பகோணத்துத் திருநாகேசுவரத்தை நினைத்து அவர் எடுத்த கோயிலும் இங்கு உண்டு. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். ஐப்பசிக் கந்தசஷ்டி மழையின் உச்சத்தில் வருகிறது. ஆடிக் கிருத்திகை சம்பாவுக்கு நாற்று விடும் நேரத்தில் வருகிறது. உழவின் ஓய்வுக்கும் இவற்றுக்கும் பொருத்தமே இல்லை. அப்படியிருந்தும் வேளாண்மை செழித்த காலத்தில் இவை நடந்தன, அது மறைந்த காலத்தில் பெருகின. எச்சக் கோட்பாட்டுக்கு இது சங்கடம்.

குன்றத்தூருக்கும் திருநீர்மலைக்கும் இன்னொரு பருவமும் உண்டு: முகூர்த்தம். இரண்டும் கல்யாணத்துக்குப் பேர்போன இடங்கள். திருநீர்மலைப் படிகளில் சினிமாக் கல்யாணங்களும் கணக்கற்று நடந்திருக்கின்றன. ஆடி, மார்கழி தவிர்த்த வளர்பிறை நாள்களில் இங்கே கூடுகிற கூட்டம் பல உற்சவ நாள்களைவிடப் பெரிது. கோயில் ஆய்வாளர்கள் இதைத் திருவிழாவாகக் கணக்கில் எடுப்பதில்லை. பூக்கடைக்காரரும் நாகஸ்வரக்காரரும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய கணக்கே எனக்குச் சரியாகப் படுகிறது.

செலவை ஏற்றவர் யார்

பருவத்தைத் தேதியில் தேடுவதைவிடச் செலவில் தேடுவது பயனுள்ளது. 1767 முதல் 1774வரை தாமஸ் பர்னார்டு கம்பெனிக்காகச் செங்கல்பட்டுச் சீமையை ஊர் ஊராக அளந்தார். அக்காலத்தைச் சேர்ந்த ஓலைக்கணக்குகள் சிலவற்றைத் திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களை முன்வைத்து ஜிதேந்திர பஜாஜும் எம்.டி. ஸ்ரீனிவாஸும் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் தெரிவது: களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கும் கணக்கருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் வெட்டியாருக்கும் இன்னும் பலருக்கும் பங்கு பிரிந்துவிடும். திருவிழாவுக்குத் தனியாக வசூல் வேண்டியதில்லை. விளைச்சலுக்குள்ளேயே அது இருந்தது. விளைச்சல் குறைந்தால் திருவிழாவும் சுருங்கும். திருவிழா வேளாண்மையைப் பின்பற்றியது என்று துணிந்து சொல்லக்கூடிய இடம் இதுதான். மாதத்தால் அல்ல, மரக்காலால்.

இந்த ஏற்பாட்டை இலட்சிய ஊராட்சியாகப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. பங்கு வாங்கியவர்களில் கடைசி வரிசையில் நின்றவர்களுக்குத் தேர்வடத்தைத் தொடும் உரிமையே மறுக்கப்பட்ட ஊர்கள் உண்டு. பங்கு என்பது ஊதியம். அதோடு, விட்டு விலக முடியாத கடமையும்கூட. யூஜின் இர்ஷிக் 1994-இல் காட்டியதுபோல, பிறகு வந்த கலெக்டர்களும் மிராசுதாரர்களும் குடிகளும் சேர்ந்து தங்கள் தங்கள் தேவைக்கேற்ப ‘பழைய வழக்கம்’ ஒன்றை இச்சீமைக்கு உருவாக்கிக்கொண்டார்கள். ஆகவே பழைய வழக்கம் என்று எதைக் கேட்டாலும், யார் கேட்டு யார் சொன்னது என்று பார்ப்பது நல்லது.

களத்துப் பங்கு மறைந்தபின் பெரிய கோயில்களின் வரவுசெலவு 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்கீழ் உண்டியலுக்கும் கட்டளைக்கும் உபயதாரருக்கும் மாறியது. தெருக்கோயில்கள் வசூலுக்கு மாறின: ரசீதுப் புத்தகம், நோட்டீஸ், ஃபிளெக்ஸ், வார்டு பிரமுகரின் படம். இந்த மாற்றத்தின் விளைவை ஒரே வரியில் சொல்லலாம். பரம்பரைப் பொறுப்புள்ள ஆள்கள் வேண்டியிருந்த நிகழ்ச்சிகள் மெலிந்தன. கால் இரண்டு இருந்தால் போதும் என்ற நிகழ்ச்சிகள் கொழுத்தன. பல நாள் வாகனப் புறப்பாட்டுக்குத் தோள் கொடுக்க ஆள் தேடுகிறார்கள். படியேறித் தரிசனம் செய்யும் நாளுக்குத் தடுப்புக் கம்பி கட்டுகிறார்கள். ஆங்கிலப் புத்தாண்டு முதல் நாள் எந்த ஆகமத்திலும் இல்லை. அன்று குன்றின்மேல் நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஆகமம் எழுதியவர்களே திருத்தம் போடுவார்கள்.

மலைநாட்டோடு ஓர் ஒப்பீடு

உண்மையான மலைநாட்டில் நிலைமை வேறா? ஏற்காட்டில் சேர்வராயன் குகைக்கோயிலின் ஆண்டுவிழா மே மாதத்தில் வருகிறது. சுற்றுவட்டார மலையாளிப் பழங்குடியினர் கூடுகிறார்கள். காப்பிப் பழம் பறிப்பு முடிந்து கை ஓய்ந்திருக்கும் காலம். அதே மாதத்தில் அரசின் கோடை விழாவும் மலர்க்காட்சியும் நடக்கின்றன. சமவெளிக்காரர் வெயிலுக்குத் தப்பி ஏறிவரும் காலம். கொல்லிமலையில் ஆடிப் பதினெட்டை ஒட்டி அறப்பளீசுவரர் கோயிலில் மக்கள் கூடுவதும், அரசு வல்வில் ஓரி விழா எடுப்பதும் ஒரே நாள்களில். உதகையின் மலர்க்காட்சி 1896-இல் தொடங்கியது. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையோ மார்கழி, தை ஒட்டி, சுற்றுலாப் பயணி குறைவாக வரும் குளிரில், பேரகணி முதலிய ஊர்களில் வெள்ளுடை நடைப்பயணமாக நடக்கிறது.

ஹெத்தைப் பண்டிகையும் மலர்க்காட்சியும் ஒன்றின் கால்மேல் ஒன்று ஏறாததால் இரண்டும் தம் வடிவத்தோடு இருக்கின்றன. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மலைக்காரரின் நாளும் வந்துபோகிறவரின் நாளும் ஒன்றாகிவிட்டன. அங்கே எது யாருடைய விழா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழும். தாம்பரத்துக் குன்றுகளில் மூன்றாவது வகை. வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து சமவெளி இங்கே குடியேறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே உள்ளூர்க்காரர், பயணி என்ற பிரிவினையே இங்கு நிற்காது. திருநெல்வேலியில் பிறந்து குரோம்பேட்டையில் வாழ்பவர் திருநீர்மலைக்கு யார்?

கல்

குன்று இருந்தால்தான் குன்றுத் திருவிழா. இந்த வட்டாரத்துக் குன்றுகளின் கல், பூமியின் மிகப் பழைய பாறைவகைகளில் ஒன்றான சார்னோக்கைட். 1693-இல் இறந்த கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்காகக் கல்கத்தாவுக்குப் போன கல் அது. அதைக் கொண்டே தாமஸ் ஹாலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாறைக்குப் பெயரிட்டார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் இந்தக் குன்றுகளின் அடிவாரத்தில்தான். கல் தேடி இங்கு வந்தவர்கள், கடவுளைத் தேடி வந்தவர்களைவிட நெடுங்காலம் மூத்தவர்கள்.

இருபதாம் நூற்றாண்டில் சென்னையின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் ஜல்லி இக்குன்றுகளிலிருந்து போனது. திரிசூலம், பம்மல், குன்றத்தூர்ப் பக்கம் எல்லாம் கல்குட்டைகள். சிக்கராயபுரம் குட்டைகளிலிருந்து 2017-இல் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் அளவுக்கு அவை ஆழமானவை. ‘கோயில் இருந்தால் குன்று தப்பும்’ என்று சூழலியல் எழுத்தில் ஒரு வாதம் உண்டு. பரங்கிமலையும் திருநீர்மலையும் அதற்குச் சாட்சி போலத் தோன்றும். திரிசூலம் அதை உடைக்கிறது. முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டுகள் உடைய திரிசூலநாதர் கோயில் நான்கு குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. அதைச் சுற்றியே கல் உடைத்தார்கள். பரங்கிமலை தப்பியதில் இராணுவத்துக்கும், அதன் சார்னோக்கைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் பங்கு உண்டு. வாதத்தைக் கொஞ்சம் திருத்தினால் நிற்கும் என்று நினைக்கிறேன். குன்றைக் காப்பது கோயில் அல்ல. உச்சிக்குப் போகும் படி. திரிசூலத்தில் வழிபாடு பள்ளத்தில் நடந்தது. குன்றுகள் காட்சிப் பின்னணி மட்டுமே. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கால்கள் ஏறும் சரிவில் வெடி வைக்க ஒப்பந்ததாரர் தயங்குவார்.

ஊரைவிட்டுப் போகும் பண்டிகை

பொங்கல் பருவப் பண்டிகைகளில் தலையாயது. தாம்பரத்தில் அதன் முதன்மையான நிகழ்ச்சி, ஊரைவிட்டுக் கிளம்புவது. பெருங்களத்தூரில் பேருந்துக்கு நின்று, 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் முனையத்தில் இப்போது நின்று, தென்மாவட்டத்தார் சொந்த ஊருக்குப் போகிறார்கள். அறுவடை இங்கே இல்லை; அறுவடையின் நினைவு இருக்கும் ஊருக்குப் போகிறார்கள். இருப்பவர்கள் காணும் பொங்கலன்று, 1985-இல் வண்டலூருக்கு வந்த உயிரியல் பூங்காவுக்குக் கட்டுச்சோற்றோடு போகிறார்கள். காஞ்சிபுரத்துப் பக்கம் அதே நாள்களில் வரதராஜப் பெருமாள் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டை போகிறார். பார்வேட்டையில் தெய்வம் காட்டைத் தேடிப் போகிறது. வண்டலூரில் விலங்குகளைக் கூண்டிலும் அகழியிலும் வைத்துக்கொண்டு மக்கள் போகிறார்கள். இரண்டையும் ஒரே வழக்கத்தின் இரு வடிவங்களாகக் கருத எனக்குத் தயக்கமில்லை.

இங்கிருந்து குன்றுகளைத் திரும்பிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பங்குனி, சித்திரை உற்சவம், ஆடிக் கிருத்திகை, கந்தசஷ்டி நிறைவு, டிசம்பர் 18: இவற்றில் எதுவும் சொந்த ஊருக்குப் போகும் நீண்ட விடுமுறையோடு முட்டுவதில்லை. சஷ்டி தீபாவளிக்குப் பின் ஆறாம் நாள் முடிகிறது; அதற்குள் பேருந்துகள் திரும்பிவிடும். டிசம்பர் 18 அரையாண்டு விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடும். புறநகரில் எந்தத் திருவிழா வளரும் என்பதைத் தீர்மானிப்பது, அந்த நாளில் மக்கள் இங்கே இருக்கிறார்களா என்பதே. விதைப்பும் அறுப்பும் வகித்த இடத்தை வருகையும் புறப்பாடும் பிடித்திருக்கின்றன. இந்தக் கருதுகோளைச் சோதிக்க வழி இருக்கிறது. கோயில்களின் உண்டியல் திறப்புக் கணக்கையும் புறநகர் நிலையங்களின் பயணச்சீட்டு விற்பனையையும் நாள்வாரியாக ஒப்பிட்டால் போதும்.

ஆடி மாதத்து அம்மன் கூழ் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அதற்குக் குன்று தேவையில்லை, படி தேவையில்லை, பெரிய கோயிலும் தேவையில்லை. பெரும்பாக்கமே இதற்குச் சான்று. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை அளக்கும் முக்கோண அளவையின் முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலைப் பக்கமிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் போட்டார். அந்தக் கோட்டின் தென்முனையான பெரும்பாக்கத்தில் இன்று நிற்பவை, நகரத்து ஆற்றோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை, 2015 வெள்ளத்துக்குப் பின் இன்னும் வேகமாக, கொண்டுவந்து வைத்த அரசின் அடுக்குமாடிகள். வீட்டையும் தொழிலையும் பள்ளியையும் இழந்து வந்தவர்கள் அவர்கள். ஆடி ஞாயிறுகளில் அந்தக் கட்டடங்களுக்கு இடையே வேப்பிலை கட்டி, அம்மனை வைத்து, கடையில் வாங்கிய கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சி ஊற்றுகிறார்கள். அருகிலேயே குன்று இருக்கிறது. அதன்மேல் எவரும் ஏறுவதில்லை.